திரும்பி நில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு சண்முகப்ரியா டவுன்ஷிப் மன்றத்து ஹாலைத் திறக்க வந்தபோது சரிதா படியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரமாக வகுப்புக்கு வராதவள். கராத்தே சீருடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இடது காதை மூடிப் பஞ்சும் பிளாஸ்திரியும். தையல் போடுவதற்காகக் காதுக்கு மேலே முடியை மழித்திருந்தார்கள். மழித்த இடத்தில் கறுப்பாக முள் முள்ளாக முளைத்திருந்தது.

“அதுக்குள்ள எதுக்கு வந்தே? தையல் பிரிச்சாச்சா?”

“இந்தப் பக்கமா வந்து பேசுங்க மாஸ்டர். அந்தக் காது செத்துப்போச்சி.”

சண்முகப்ரியா பக்கம் மாறவில்லை. குரலை மட்டும் உயர்த்திக் கேட்டதையே மறுபடி கேட்டாள்.

“பிரிச்சாச்சி. நாளைக்கு ட்யூட்டிக்குப் போறேன். அவனும் அதே ஷிஃப்ட்டுதான்.”

அவன் என்றால் விஜயராஜ். சுரங்கத்துக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் கான்ட்ராக்ட் பெண்களுக்கு அவன்தான் சூப்பர்வைசர். வடக்குத்து கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் சரிதா அந்தப் பெண்களில் ஒருத்தி. சாமான் எடுத்துக்கொடுக்கும்போது விரலைத் தடவுவான். குனிந்து அண்டாவைத் தேய்க்கிறவள் பின்னால் வந்து நின்றுகொண்டு நிதானமாகப் போன் பேசுவான். அன்றைக்குக் கேன்டீன் பின்கட்டில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், பிடித்ததை விடவில்லை.

சரிதா கற்றுக்கொண்டதைச் செய்தாள். மணிக்கட்டை அவனுடைய கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவினாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு குத்து. மூச்சு நின்று, முதலில் உட்கார்ந்தான், பிறகு சரிந்தான். அதற்கப்புறமும் அவள் கற்றுக்கொண்டதையே செய்தாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். குதிகால்கள் சேர்ந்திருந்தன. கைகள் பின்னால் கட்டியிருந்தன. விஜயராஜ் எழுந்து, தலையில் இருந்த சுரங்க ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் விளிம்பால் அவள் காதில் அடித்தான்.

பார்த்தவர்கள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். ஆளை அடித்துவிட்டு ஸ்கூல் அசெம்ப்ளியில் நிற்கிற மாதிரி நின்றாளாம். அந்தச் சிரிப்பு கேன்டீனிலிருந்து கிளம்பி ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறி, டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக இறங்கி, சண்முகப்ரியா வேலை பார்க்கும் கம்பெனி ஸ்டோர்ஸ் வரைக்கும் வந்திருந்தது.

ஹாலுக்குள் போய் ஜன்னல்களைத் திறந்தாள் சண்முகப்ரியா. சரிதா பின்னாலேயே வந்தாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தத் திரும்பறத எடுத்துடுங்க.”

“எதை எடுக்கறது?”

“ஒடம்புல ஏத்துனீங்கல்ல. அத எறக்குங்க. இன்னிக்கே.”

“பழக்கம் சரிதா. சட்டையா கழட்டறதுக்கு.”

“சட்டையா இருந்தா நானே கழட்டியிருப்பேன்.” சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளில் ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் போட்டாள். “பண்ருட்டியில ஒருத்தன் கத்துக் குடுக்கறான். உறுதிமொழி கிறுதிமொழி ஒண்ணும் கெடையாது. வந்தா அடி, போனா அடி. போன வாரம் தையலோட அங்க போனேன். எதுக்க நின்ன பொண்ணு உழுந்துச்சி. நான் திரும்பிட்டேன். அந்தாளு கத்திகினே இருக்கான், நான் திரும்பி நின்னுகினே இருக்கேன். உனக்கு எவ சொல்லிக் குடுத்தாளோ அவகிட்டயே போம்மான்னு அனுப்பிட்டான்.”

சண்முகப்ரியா மெத்தையை நேராக்கினாள்.

இந்த வகுப்பு சுரங்கக் கம்பெனிக் குடும்பத்துப் பெண்களுக்கானது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இங்கே இடமில்லை. சரிதாவைச் சேர்க்க வேண்டும் என்று மன்றத்துச் செயலாளரிடம் மல்லுக்கு நின்றவள் சண்முகப்ரியாதான். சேர்த்த முதல் மாதமே சரிதா மானத்தை வாங்கினாள். ஜோடிப் பயிற்சியில் புவனாவைக் கீழே தள்ளியவள் அதோடு நிற்காமல் அவள் மார்பின் மேல் முட்டியை வைத்து அழுத்திக்கொண்டு முஷ்டியை ஓங்கிவிட்டாள். புவனாவின் கணவர் அதிகாரி. பஞ்சாயத்து இரண்டு வாரம் ஓடியது.

அதன்பிறகு சண்முகப்ரியா சரிதாவை வேறு மாதிரி பிழிந்தாள். ஹாலில் எங்கே யார் விழுந்தாலும் கையைத் தட்டுவாள். சரிதா செய்வதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். தாமதமானால் அன்று முழுக்கச் சுவர்தான். வேறு யாரையும் அவள் அப்படிப் படுத்தவில்லை. கான்ட்ராக்ட் பெண்ணைச் சேர்த்தது தப்பு என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் கவலை. போகப் போகக் கை தட்டவே தேவைப்படவில்லை. எதிராளி தரையைத் தொடுவதற்குள் சரிதா திரும்பியிருப்பாள். கேன்டீனில் அண்டா விழுந்தால்கூடத் திரும்பிவிடுகிறேன் மாஸ்டர் என்று அவளே ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். சண்முகப்ரியாவும் சிரித்தாள். பெல்ட் தேர்வுக்கு வந்த நடுவரிடம் இந்த அண்டா கதையைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

ஷூ சத்தம் கேட்டது. செயலாளர் கோபாலகிருஷ்ணன் பேட்மிண்டன் மட்டையோடு உள்ளே வந்தார். ஞாயிறு காலைகளில் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விளையாடப் போவார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உறுதிமொழியைத் தமிழில் எழுதியவர் அவர். எழுதியதைப் பெற்றோர்கள் நின்று படித்துவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு திருப்தி.

சரிதாவைப் பார்த்ததும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் இருக்கீங்க. மேடம், அந்த கேன்டீன் கான்ட்ராக்டர் என்கிட்ட பேசினார். மன்றத்துல ரவுடித்தனம் சொல்லித் தர்றீங்களான்னு கேக்கறார். சாயங்காலம் கமிட்டி கூடுது. உறுதிமொழியை மீறினாங்க, நீக்கிட்டோம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா விஷயம் முடிஞ்சுது.”

“எதை மீறினா சார்?”

“ரெண்டாவது வரி. முதல் அடி எனதாகாது.”

“அவன் கையைப் பிடிச்சிருக்கான்.”

“பிடிக்கறது அடியா மேடம்? அடின்னுதான் எழுதியிருக்கேன். பிடின்னு எழுதல.”

“எழுதியிருந்தா அவன் படிச்சுப் பாத்துட்டுப் புடிச்சிருப்பானா சார்?” என்றாள் சரிதா.

கோபாலகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. “தத்துவம் இல்லாத கலை வெறும் அடிதடி மேடம். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆண்டு விழாவுல நீங்களே மேடையில பேசினது.”

பேசியது உண்மைதான். நல்ல கைதட்டலும் கிடைத்தது.

“அவ எதையும் மீறல சார்,” என்றாள் சண்முகப்ரியா. “மீறியிருந்தா காது இருந்திருக்கும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கோபாலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரிதா தரையைப் பார்த்துக்கொண்டு மூக்கால் சிரித்தாள்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். புவனா சரிதாவைப் பார்த்ததும் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். பெரியநாயகி வழக்கம்போல முட்டியில் தைலம் மணக்க வந்தாள். அவளுடைய கணவர் ரிட்டயர் ஆகி நாளாகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெளியே வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் வகுப்பை விடவில்லை. கோபாலகிருஷ்ணன் விளையாடப் போகாமல் வாசலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வரிசையாக நின்றார்கள். சண்முகப்ரியா சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கோபத்தில் கை ஓங்கேன். முதல் அடி எனதாகாது. வீழ்ந்தவரைத் தீண்டேன், திரும்பி நிற்பேன்.

மூன்றாவது வரியில் ஒரு குரல் குறைந்தது.

“சரிதா,” என்றாள் சண்முகப்ரியா.

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லாம இங்க நிக்க முடியாது.”

“மத்தவங்கல்லாம் வாயால சொன்னாங்க மாஸ்டர். நான் ஒருத்திதான் செஞ்சேன்.”

புவனா பின்னாலிருந்து பேசினாள். “விழுந்தவங்களையும் போட்டு மிதிச்சா நமக்கும் தெருவுல அடிச்சுக்கிறவங்களுக்கும் என்னங்க வித்தியாசம்? என் பசங்க ரெண்டு பேரும் சின்னவங்க வகுப்புல இருக்காங்க. இதை நம்பித்தான் அனுப்பறேன்.”

“உங்களுக்கு வித்தியாசம் வேணுங்க, நீங்க வெச்சிக்குங்க,” என்றாள் சரிதா. “உங்க வூட்டுக்காரரு ஆபீசரு. உங்க கைய எவன் புடிக்கப் போறான்? புடிச்சாலும் மறுநாள் அவன் கம்பெனி கேட்டத் தாண்ட முடியாது. என் கையப் புடிச்சவன் நாளைக்கு எனக்கு வேலை போடுவான். ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். ரெண்டு பேரும் அடிச்சிக்கினீங்க, பேசித் தீத்துக்கங்கன்னான்.”

“அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்கள ஒருநாள் கீழ தள்ளி ஒக்காந்ததுக்கு என்னைச் செவுத்தப் பாக்க வெச்சாங்க. ஒக்காந்தது சரின்னு இப்பத்தான் தெரியுது.”

புவனா முகம் சிவந்து சண்முகப்ரியாவைப் பார்த்தாள். பெரியநாயகி இடையில் புகுந்தாள்.

“முதுகு காட்டினா அவமானம்னு எங்க காலத்துல பாடமே இருந்துச்சு. இங்க வந்தா அதுதான் மரியாதைங்கிறாங்க. நான் முட்டி வலிக்கு வந்தவ, நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். சண்முகப்ரியா சிரிக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஒன்று இந்த ஹாலில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கற்றுக்கொடுத்த இடத்தில் இரண்டு படிகள் இருந்தன. எதிராளி விழுந்ததும், அவன் கைக்கெட்டாத தூரத்துக்கு விலக வேண்டும். கண்ணை அவன் மேலிருந்து எடுக்கக் கூடாது. அது முதல் படி. நடுவர் வந்து நடுவில் நின்று ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் திரும்ப வேண்டும். திரும்புவது நடுவர் இருக்கும் இடத்தில் மட்டும் செய்கிற காரியம். அவள் முதல் படியை விட்டுவிட்டாள். தொடக்கத்தில் இருப்பவர்கள் குழம்புவார்கள் என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் ஆண்டு விழா மேடையில் இருபது பேர் ஒரே நேரத்தில் திரும்பி நிற்பது பார்க்க அழகாக இருந்தது. கண்ணை எடுக்காமல் இருப்பதை யாரும் மேடையில் பார்த்துக் கைதட்ட முடியாது.

இதை இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் காதுக்கு அவள்தான் பொறுப்பு.

“எல்லாரும் சுவரோரம் உக்காருங்க,” என்றாள். “சரிதா, மெத்தைக்கு வா.”

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சண்முகப்ரியா வயிற்றுக் கவசத்தைக் கட்டிக்கொண்டு சரிதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அன்னிக்குச் செஞ்சதைச் செய்.”

சரிதா மணிக்கட்டை உருவிக் குத்தினாள். கவசத்தைத் தாண்டி வலித்தது. சண்முகப்ரியா விழுந்தாள். விழுந்தபடி பார்த்தபோது சரிதாவின் முதுகுதான் தெரிந்தது. குதிகால்கள் ஒட்டியிருந்தன. கைகள் பின்னால் கட்டியிருந்தன.

“தே,” என்று தன்னையே திட்டிக்கொண்டாள் சரிதா.

சண்முகப்ரியா சத்தமில்லாமல் எழுந்தாள். உதைப் பயிற்சிக்கான திண்டு பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து இடப்பக்கமாக வந்து அவள் முதுகில் அறைந்தாள். சரிதாவுக்கு அவள் வந்ததே தெரியவில்லை. இரண்டடி முன்னால் தடுமாறிப் போனாள்.

“செத்துட்டே,” என்றாள் சண்முகப்ரியா. “மறுபடி.”

மறுபடி பிடித்தாள். மறுபடி விழுந்தாள். மறுபடி அதே முதுகு. இந்த முறை திண்டு இன்னும் பலமாக இறங்கியது.

“ஒடம்பு கேக்கல மாஸ்டர்.”

“கேக்கும். வாங்கினா கேக்கும். நான் விழுந்ததும் விலகு. பின்னால போ. கண்ணை மட்டும் எடுக்காதே.”

“இது புதுசா இருக்கே. இத எப்ப சொல்லிக் குடுத்தீங்க?”

சண்முகப்ரியா மணிக்கட்டைப் பிடித்தாள். சரிதா உருவவில்லை. பிடித்த கையையும் பிடித்தவளின் முகத்தையும் பார்த்தாள்.

“இது மொதல்லயே இருந்ததா?”

“பேசாம செய்.”

“கேட்டதுக்குச் சொல்லுங்க. விலகறது, கண்ண எடுக்காம இருக்கறது. இது உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

சரிதா குத்தினாள். இதுவரை குத்தியதெல்லாம் குத்தே இல்லை என்பதுபோல் இருந்தது. சண்முகப்ரியா விழுந்தாள். சரிதா திரும்பினாள். திரும்பிய வேகத்தில் தன் தொடையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டாள்.

எழுந்து திண்டை வீசியபோது சண்முகப்ரியாவுக்கும் கை கட்டுக்குள் இல்லை. எதற்கு இவ்வளவு கோபம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அடி வாங்கியவள் மேல் கோபம். கேட்டுவிட்டாளே என்ற கோபம். சரிதா முட்டி போட்டு விழுந்தாள். பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்து தொங்கியது.

“மாஸ்டர், அவங்களுக்குத் தலையில காயம்,” என்றாள் புவனா.

“தெரியும்.”

“இது என்ன மேடம் பயிற்சி?” கோபாலகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “முதுகுல அடிக்கறதா? உறுதிமொழிக்குக் கீழயே?”

“வெளியில அதைத்தானே சார் பண்றாங்க.”

“வெளியில பண்றதைச் சொல்லித் தரவா மன்றத்துல இடம் குடுத்தோம்? இப்பவே நிறுத்துங்க. இல்லன்னா சாயங்காலம் கமிட்டியில ரெண்டு பேரைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்.”

“பேசுங்க.”

புவனா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, “பசங்களை அடுத்த வாரத்துலேர்ந்து அனுப்பல,” என்றாள். யாரும் தடுக்கவில்லை. அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

சரிதா எழுந்து நின்றாள். தொங்கிய பிளாஸ்திரியைப் பிய்த்துக் கீழே போட்டாள். காது வீங்கி, தைத்த தழும்பு பளபளத்தது.

“புடி,” என்றாள்.

மாஸ்டர் என்றும் இல்லை, ங்க என்றும் இல்லை.

சண்முகப்ரியா பிடித்தாள். உருவல். குத்து. முழங்கை மெத்தைக்கு வெளியே சிமெண்டில் பட்டது. கண்ணைத் திறந்தாள். சரிதாவின் தோள் திரும்பத் தொடங்கியது. இடுப்பும் கூடவே திரும்பியது. பாதியில் நின்றது. கழுத்து நரம்பு புடைக்க, யாரோ பிடித்து இழுப்பதை எதிர்த்து நிற்பவள் போல அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. பிறகு தோள்.

கண் சண்முகப்ரியாவின் மேல் இருந்தது.

“அவ்வளவுதான்,” என்றாள் சண்முகப்ரியா கீழே கிடந்தபடி. மூச்சு வாங்கியது. “இப்ப விலகு. பின்னால ரெண்டு அடி.”

சரிதா விலகவில்லை. முன்னால் வந்தாள். சண்முகப்ரியா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். சரிதா அந்தக் கையைக் காலால் தட்டிவிட்டாள். சண்முகப்ரியா மல்லாந்தாள்.

“சரிதா, போதும்மா,” என்றாள் பெரியநாயகி. தைல பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோபாலகிருஷ்ணன் மட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தாரே தவிர வாசலை விட்டு நகரவில்லை.

சரிதா வலது காலைத் தூக்கினாள். வெறுங்கால். எந்நேரமும் கேன்டீன் தண்ணீரில் நின்று வெளுத்து வெடித்த பாதம். அது சண்முகப்ரியாவின் தொண்டைக்கு நேரே வந்து நின்றது. அசையவில்லை. ஒற்றைக் காலில் அப்படி அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுத்ததும் சண்முகப்ரியாதான்.

அவள் பாதத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். விஜயராஜைப் பார்க்கிற பார்வைதான் அதுவா என்று தேடினாள். இல்லை, சரிதா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பல, பாத்தியா,” என்றாள் சரிதா. “கண்ணையும் எடுக்கல. நாளைக்கு அவன் இப்படித்தான் கெடப்பான். காலு வைக்கறதா, எடுக்கறதா? இப்பவாவது முழுசா சொல்லு மாஸ்டர்.”